ராகிகர்ஹிப் பெண்ணோடு உறவு கொண்டாடும் முன்: பழங்கால டிஎன்ஏ ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழு. "நமக்கு 34 விழுக்காடு பலூச் ரத்தமாம்" என்று ஒருவர் போட்டால் போதும். மாமா பாகிஸ்தான் வரைபடத்தை அனுப்புவார், சித்தப்பா ஹரப்பா முத்திரையை அனுப்புவார். பெரியம்மா மட்டும் "நம்ம ஆளுங்க சேலத்துல இருந்து வந்து கப்பல் ஏறுனவங்கடா" என்பார். மூவரில் ஆதாரம் பெரியம்மாவிடம்தான் இருக்கிறது.

அந்த 34 எப்படி வந்தது? டிஎன்ஏ சோதனை நிறுவனம் தரும் கோப்பை ஏற்றிப் பார்க்கும் ஜெட்மேட்ச் தளத்தில் உள்ள ஹரப்பாவேர்ல்டு போன்ற கணக்கிகள், இன்றைய மக்கள் பலரின் மரபணுவை ஒரு மென்பொருளில் போட்டு 16 கூறுகளாகப் பிரித்தவை. மென்பொருள் கூறுகளுக்குப் பெயர் வைப்பதில்லை. ஒரு கூறு எந்த மக்களிடம் உச்சமாக வருகிறதோ, அவர்கள் பெயரைப் பிறகு மனிதர் ஒட்டுகிறார்கள். தமிழர் பலருக்குத் தென்னிந்தியக் கூறு முதலிலும் பலூச் கூறு அடுத்தும் வரும். பலூச்சு மக்களும் நாமும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்த ஒரே மூலத்திலிருந்து பங்கு பெற்றிருக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். பலூச்சிஸ்தானிலிருந்து யாரும் உங்கள் கொள்ளுப்பாட்டியைக் கட்டவில்லை. அதே கோப்பை 12 கூறுள்ள கணக்கியில் போட்டால் விழுக்காடு வேறாக வரும். உடம்பில் ஓடுகிற ரத்தமாக இருந்தால் கணக்கி மாறும்போது அது மாறுமா?

கூறின் பெயரைப் பரம்பரையின் பெயராக வாசிப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. பின்னால் வரும் தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

ஒப்பீடு உங்கள் மூதாதையரோடு நடப்பதில்லை. யாருடைய எலும்பிலிருந்து டிஎன்ஏ கிடைத்ததோ அவர்களோடு நடக்கிறது. வெப்பமும் ஈரமும் டிஎன்ஏவைத் தின்றுவிடும். சைபீரியக் குளிரில் கிடைப்பது தமிழகத்துத் தாழியில் கிடைப்பது அரிது. அதனால் இந்தக் கணக்கிகளின் பட்டியலில் "பழந்தமிழர்" போன்ற பெயரைக் கண்டால், அது கீழடியிலோ ஆதிச்சநல்லூரிலோ எடுத்த எலும்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்றைய மக்களை வைத்தோ கணினியில் கட்டியோ உருவாக்கிய பதிலிதானா என்று முதலில் பாருங்கள்.

இந்தியாவின் மிகப் பழைய வேட்டைச் சமூகத்தை ஆய்வாளர்கள் "பண்டைய தென்னிந்திய மூதாதையர்" என்று குறிக்கிறார்கள். அவர்களின் தூய மாதிரியாக ஓர் எலும்பும் இல்லை. இன்றைய மக்களின் மரபணுவிலிருந்து பின்னோக்கிக் கணித்த நிழல் அது. அந்த இடத்தில் அந்தமானின் ஓங்கே மக்களை நிறுத்துகிறார்கள். ஓங்கேயும் அந்த நிழலும் பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவர்கள். ஆகவே "எனக்கு 40 விழுக்காடு அந்தமான்" என்பது பிழையான வாசிப்பு. ஓங்கேக்குப் பதில் இருளரையோ பணியரையோ வைத்தால் வேறு சிக்கல்: அவர்களே கலப்பு மக்கள். அவர்களுக்குள் இருக்கும் சிந்துவெளிப் பங்கும் சேர்ந்து எண்ணப்படும். உங்கள் சிந்துவெளிப் பங்கு திடீரென்று சுருங்கும்.

மலேசியத் தமிழர் கூடுதலாக விழும் குழி ஒன்று உண்டு. கிளந்தானின் குவா சா குகையில் கிடைத்த, சுமார் 4,000 ஆண்டுப் பழமையுள்ள மனிதரின் மரபணு 2018இல் வெளியானது. ஹோவாபின்யர் எனப்படும் வேட்டை மக்களைச் சேர்ந்தவர். தமிழர் ஒருவரின் முடிவில் "மலேசியா, ஹோவாபின்யர்" என்று சில விழுக்காடு வந்தவுடன், ஏதோ ஒரு பாட்டி ஒராங் அஸ்லி (மலேசியப் பழங்குடி) என்று கதை கிளம்பிவிடும். உண்மையில் ஹோவாபின்யர் ஓங்கேயோடு தொலைவில் தொடர்புடையவர்கள். உங்களுக்குள் இருக்கும் பழைய தென்னிந்தியப் பங்குக்குப் பொருத்தமான ஆள் பட்டியலில் இல்லாதபோது, கணக்கி கிடைத்தவரைப் பிடித்து உட்கார வைக்கிறது.

சோதிப்பது எளிது. உங்களோடு ஒப்பிட வைக்கும் மக்களின் பட்டியலில், அதாவது மூலப் பட்டியலில், ஓங்கேயைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். குவா சா பூஜ்யமானால் அது பதிலி. பூஜ்யமாகாவிட்டால் இன்றைய மலாய், சீனர், தாய் மக்களைச் சேர்த்துப் பாருங்கள். அண்மைக் கலப்பு உண்மையாக இருந்தால் அது அவர்களிடம் போய்ச் சேரும். குரோமோசோம் வரைபடத்திலும் துண்டு துண்டாக இல்லாமல் நீண்ட பட்டைகளாகத் தெரியும். தோட்டங்களில் சீனக் குழந்தையைத் தத்தெடுத்துத் தமிழ்ப் பெண்ணாக வளர்த்துக் கட்டிக்கொடுத்த வீடுகள் பல. கொள்ளுப்பாட்டி அப்படி வந்தவர் என்றால் சராசரியாக 12.5 விழுக்காடு கிழக்காசியப் பங்கு தெரிய வேண்டும். இப்படி ஒன்று தெரிந்தால் குழுவில் போடுவதற்கு முன் வீட்டுப் பெரியவரிடம் தனியாகக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்தே மறைத்த செய்தியாக இருக்கலாம்.

கம்போடியாவின் அங்கோர் போரே அருகே புதைக்கப்பட்ட சிறுவன் ஒருவனும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறான். கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டுக்குள் வாழ்ந்தவன். அவன் மரபணுவில் 40 முதல் 50 விழுக்காடு தெற்காசியம். அவனோடு நெருக்கம் காட்டினால் உடனே "கடாரம் கொண்டான்" வந்துவிடுகிறார். ராஜேந்திர சோழனின் படையெடுப்பு 1025. சிறுவன் அதற்கு 700 ஆண்டுகளுக்கும் முந்தியவன். அவனுக்கும் உங்களுக்கும் பொதுவாக இருப்பது தெற்காசியப் பங்கு, அவ்வளவே.

இனி ராகிகர்ஹி. ஹரியானாவில் உள்ள அந்தச் சிந்துவெளி நகரத்தின் 61 எலும்பு மாதிரிகளைச் சலித்ததில் ஒன்று மட்டும் தேறி, 2019இல் வெளியானது. அது ஒரு பெண். ஆண்வழிக் குழுவைக் காட்டும் ஒய் குரோமோசோம் பெண்ணுக்குக் கிடையாது. எனவே "ராகிகர்ஹியில் கிடைத்த ஆண்வழிக் குழு எங்களுடையது" என்று யார் சொன்னாலும் அது அந்த எலும்பிலிருந்து வந்ததில்லை. அவளுடைய தாய்வழிக் குழு யூ2பி2. உங்களுக்கும் அதுவே வந்தால் அவள் உங்கள் பாட்டியாகிவிட மாட்டாள். அந்தக் குழு அவளைவிட மிகப் பழையது. அவளும் நீங்களும் அதன் வெவ்வேறு கிளைகளாக இருக்கலாம். அதோடு, பத்துத் தலைமுறைக்கு முன் உங்கள் மூதாதையர் இடங்கள் 1,024. தாய்வழிக் குழு அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறது.

அவளோடு சேர்த்து "சிந்து விளிம்பு" என்ற பெயரில் 11 பேர் பயன்படுகிறார்கள். சிந்துவெளிக்கு வெளியே, துர்க்மெனிஸ்தானின் கோனூரிலும் ஈரானின் ஷாரி சோக்தாவிலும் கிடைத்தவர்கள். இவர்களுக்குள்ளேயே பழைய தென்னிந்தியப் பங்கு ஆளுக்கு ஆள் மாறும். குறைவாக உள்ளவரை மூலமாக வைத்தால் உங்களுக்கு ஓங்கே எண் ஏறும். அதிகமாக உள்ளவரை வைத்தால் இறங்கும். யாரை வைத்தீர்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் பகிர்வதில் பயனில்லை. "ஈரான் விவசாயி" என்ற கூறும் அப்படித்தான். சிந்துவெளியில் இருந்த ஈரான் சார்ந்த வம்சம், ஈரானில் வேளாண்மை தொடங்கும் முன்பே, 12,000 ஆண்டுகளுக்கு அப்பால், பிரிந்துவிட்டது என்பதே 2019 ஆய்வு சொன்னது. ஈரானிலிருந்து கலப்பையோடு வந்தவர்கள் என்ற கதை இந்தக் கூறிலிருந்து கிளம்புவதில்லை.

குளோபல்25 என்பது ஒருவரின் மரபணுவை 25 எண்களாக, அதாவது ஆயங்களாக, சுருக்கித் தருவது; வஹாடுவோ அந்த எண்களை வைத்துக் கலப்பைக் கணிக்கும் இணையக் கருவி. இவற்றை வைத்து விளையாடுவோர் செய்யும் தவறு வேறு வகை: 40 மூலங்களைக் கொட்டிவிட்டு, 0.8 விழுக்காடு ஸ்கித்தியர் (பழங்காலப் புல்வெளி நாடோடிகள்) வந்ததென்று மகிழ்வது. மூலம் கூடக் கூட தூர எண் (கணித்த கலப்பு உங்கள் ஆயங்களிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது) குறையத்தான் செய்யும்; பொருத்தம் உண்மையில் மேம்பட்டதாக ஆகாது. மூன்று நான்கு மூலங்களோடு தொடங்குங்கள். ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். நீக்கியும் தூரம் அசையாவிட்டால் அந்த மூலம் தேவையில்லை. அளவு திருத்திய ஆயங்களையும் திருத்தாதவற்றையும் ஒரே பட்டியலில் கலந்தால் வருவது வெறும் குப்பை. வேறு கணக்கியின் விழுக்காட்டிலிருந்து "உருவாக்கிய" ஆயமும் வேண்டாம். இக்கருவிகள் பிழை எல்லை காட்டுவதில்லை. ஆகவே 2 விழுக்காட்டுக்குக் கீழே வருவதை இல்லாததாக வைத்துக்கொள்வதே நல்லது.

எலும்போடு நேரடித் துண்டுப் பொருத்தம் தேடுவோருக்கு: துண்டின் குறைந்தபட்ச நீள எல்லையை 7 சென்டிமார்கனிலிருந்து (டிஎன்ஏ துண்டின் நீள அளவு) 1க்கு இறக்கினால் எல்லோருமே உறவினர்தான். டிஎன்ஏவின் ஒவ்வோர் இடத்திலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு எழுத்துகள் உண்டு. பழைய எலும்பில் ஓர் இடத்துக்கு ஒன்றிரண்டு துணுக்கே கிடைக்கும். அதில் ஒன்றைக் குலுக்கி எடுத்து ஏஏ என்றோ ஜிஜி என்றோ இரட்டையாக எழுதிவிடுவார்கள். உங்களுக்கு அங்கே ஏஜி இருந்தால் எது வந்தாலும் பொருந்தும். அப்படி வரிசையாக அமைந்த இடங்கள் துண்டுபோல் தோன்றும். 4,000 ஆண்டு என்பது நூற்றுக்கு மேற்பட்ட தலைமுறை. அவ்வளவு தூரத்தில் ஒரு தனி மனிதரிடமிருந்து உங்களுக்கு எந்தத் துண்டும் வராமல் போவதே இயல்பு.

சில சில்லறைத் தவறுகள். "4000 பிபி" என்பது 1950இலிருந்து பின்னோக்கி எண்ணுவது, ஏறக்குறைய கி.மு. 2050, கி.மு. 4000 இல்லை. கோப்பை எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள். வடிவம் கெட்டால் தளம் ஏற்காது. எச்சில் கொடுப்பதற்கு 30 நிமிடம் முன்பிருந்தே தே தாரிக்கும் வெற்றிலையும் வேண்டாம். டிஎன்ஏவைப் படிக்க இரு நிறுவனங்கள் பயன்படுத்தும் சில்லுகள் ஒரே இடங்களைப் படிப்பதில்லை. அண்ணன் ஒரு நிறுவனத்திலும் தம்பி வேறொன்றிலும் செய்துவிட்டு 1 விழுக்காட்டு வேறுபாட்டுக்குச் சண்டை போடாதீர்கள்.

பாட்டியின் கோப்பைப் பத்துத் தளங்களில் ஏற்றும் பழக்கம் சில்லறைத் தவறு இல்லை. டிஎன்ஏ சோதனை நிறுவனமான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியபோது, தங்கள் கோப்பு யார் கைக்குப் போகும் என்று வாடிக்கையாளர்கள் பதறினார்கள். ஏற்றும் முன் பாட்டியிடம் சம்மதம் வாங்குங்கள். தளத்தின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஒப்பீடு முடிந்ததும் கோப்பை நீக்குங்கள். அதே நோட்டில் கணக்கி எது, மூலங்களாக வைத்தது யார் யார், தூர எண் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்; அடுத்த முறை சித்தப்பா முத்திரைப் படத்தை அனுப்பும்போது அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பலாம்.