வெள்ளெழுத்துக்கு அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாளைப் பிடிக்கும் கை நீள ஆரம்பிக்கும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், பக்கத்தில் பார்க்கும்போது முன்போலக் குவிந்துகொடுக்காததுதான் காரணம். இப்போது பரவலாகச் செய்யப்படும் எந்த அறுவை சிகிச்சையும் அந்த நெகிழ்வைத் திருப்பித் தருவதில்லை. கண்ணின் முன்பக்கக் கருவிழியை (கார்னியா) லேசரால் செதுக்கும் லேசிக்கோ, உள்ளிருக்கும் லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைக்கும் லென்ஸ் மாற்றமோ, ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் ஏற்பாடுதான். அதனால் "கண்ணாடியே வேண்டாமல் ஆகிவிடுமா?" என்று டாக்டரிடம் கேட்பதே முதல் தவறு. எந்தத் தூரத்தில் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும், அதற்கு எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று கேளுங்கள்.

தூரத்தை உத்தேசமாகச் சொல்லாமல், டேப்பை வைத்து அளந்துகொண்டு போங்கள். 40 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிக்க 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) தேவை. 66 செ.மீ. தள்ளியிருக்கும் கம்ப்யூட்டர் திரைக்கு 1.5 போதும். நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவருக்கும் ஊசியில் நூல் கோர்ப்பவருக்கும் ஒரே தீர்வு பொருந்தாது.

மைனஸ் பவர் உள்ளவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மைனஸ் 2 பவர்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரை மீட்டர் தூரத்தில் வசதியாகப் படித்துக்கொண்டிருப்பார். லேசிக் செய்து இரண்டு கண்ணையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் தூரம் தெளிவாகும், படிக்கும் வசதி அன்றோடு போய்விடும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ஆபரேஷன் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்.

மோனோவிஷன் முறையில் ஒரு கண் தூரத்துக்கு, மற்றது பக்கத்துக்கு. வழக்கமாக ஆதிக்கக் கண்ணை, அதாவது மூளை அதிகம் சார்ந்திருக்கும் கண்ணை, தூரத்துக்கு விடுவார்கள். உங்களுக்கு எது ஆதிக்கக் கண் என்று வீட்டிலேயே பார்க்கலாம்: இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை விட்டு, தூரத்தில் உள்ள சுவிட்ச் ஒன்றை அதன் வழியே பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது சுவிட்ச் மறைகிறதோ, அதுவே ஆதிக்கக் கண். மற்றக் கண்ணைச் சுமார் மைனஸ் 1.25 முதல் 1.5 வரை விடுவார்கள். இதைச் சோதிக்காமல் லேசரில் படுப்பது பெரிய தவறு. அதே பவரில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து பாருங்கள். படிக்கட்டில் இறங்குங்கள், மழை இரவில் வண்டியில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து எதிரே வரும் விளக்குகளைக் கவனியுங்கள். கிளினிக் நாற்காலியில் பத்து நிமிடம் எழுத்துப் பலகையைப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒத்துவந்தாலும், 45 வயதில் போதுமான பவர் 55 வயதில் போதாமல் போகலாம். லென்ஸ் இறுகுவது லேசருக்காக நிற்காது.

கண்புரை இல்லாத லென்ஸை எடுத்துவிட்டு ட்ரைஃபோகல் லென்ஸ் வைப்பது அடுத்த வழி. உள்ளே வரும் வெளிச்சத்தை அது தூரம், நடு, பக்கம் என்று பங்கு போடுகிறது. அதனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மங்கலான இடத்தில் எழுத்து வெளிறும். மூளை பழக மாதக்கணக்காகலாம். ராத்திரி வண்டி ஓட்டுவதே பிழைப்பு என்றால் யோசிக்க வேண்டும். மாகுலா (விழித்திரையின் மையப் பகுதி) பாதிப்போ முற்றிய கிளாக்கோமாவோ (கண் அழுத்த நோய்) இருப்பவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதல்ல. விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுக்காமல் சம்மதிக்காதீர்கள்.

அளவெடுப்பில் நடக்கும் தவறுகள் பேச்சில் அதிகம் வராது, ஆனால் விளைவைக் கெடுப்பது பெரும்பாலும் இவைதான். உலர்ந்த கண் கருவிழியின் அளவையே தவறாகக் காட்டும், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மென்மையான கான்டாக்ட் லென்ஸை ஒரு வாரமாவது, கடினமானதை மூன்று வாரத்துக்கு மேலாவது நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளையாததால் வரும் சிலிண்டர் பவர் 0.75 மிச்சமிருந்தாலே ட்ரைஃபோகலில் பார்வை கலங்கும். முன்பே லேசிக் செய்திருந்தால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள், லென்ஸ் பவர் கணக்கு அதனால் மாறும்.

அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு, அதுவும் ஐம்பதுக்குள் லென்ஸை எடுத்தால், விழித்திரை கழன்றுகொள்ளும் ஆபத்து கூடுதல். மின்னல் வெட்டுவதுபோல ஒளி, திடீரென்று கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுவதுபோல நிழல் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

புதியது என்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் வேண்டாம். கருவிழிக்குள் வைக்கும் ரெயின்ட்ராப் என்ற இன்லே (சிறு செயற்கை வில்லை) 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, கருவிழியில் மங்கல் ஏற்பட்டதால் 2018இல் திரும்பப் பெறப்பட்டது.

கடைசியாக யாக் லேசர். லென்ஸ் மாற்றிச் சில மாதங்கள் கழித்துப் பார்வை மங்கினால், செயற்கை லென்ஸுக்குப் பின்னால் அதைத் தாங்கியிருக்கும் மெல்லிய உறை மங்கியிருக்கலாம், யாக் லேசர் அதில் ஓட்டை போட்டுச் சரிசெய்யும். ஆனால் முதல் நாளிலிருந்தே வளையங்களும் மங்கலும் தொந்தரவு கொடுத்தால் உறையில் அவசரப்பட்டு ஓட்டை போட விடாதீர்கள். உறை முழுசாக இருக்கும்வரைதான் அந்த லென்ஸை எடுத்து வேறொன்று வைப்பது சுலபம்.