குழாய்வழி உணவு ஊட்டும்போது ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமி பரவாமல் காப்பது எப்படி?

பக்கவாதம், தலைக்காயம் என்று மறுவாழ்வுப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர், ஐசியுவில் ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டு மூக்குக் குழாயோடு வந்து சேர்கிறார்கள். மருந்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்த இடத்தில், அந்த மருந்துக்கே மசியாத கிளெப்சியெல்லா, ஈ.கோலை, என்டிரோகாக்கஸ் போன்றவை பெருகிவிடும். குழாயில் உணவு வாங்குகிறவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு நாளில் எத்தனையோ முறை பிறர் கை அந்தக் குழாயைத் தொடுகிறது.

முதலில் வேலைகளின் வரிசையைச் சரிசெய்யுங்கள். டயப்பர் மாற்றும் வேலையை உணவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். உணவு கொடுத்த கையோடு நோயாளியை மட்டமாகப் படுக்கவைத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். டயப்பர் மாற்றிய கையுறையைக் கழற்றி, சோப்பால் 40 முதல் 60 விநாடி கை கழுவிய பிறகே உணவைத் தொடலாம். கையுறை போட்டிருந்தோமே என்று கழுவாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

குழாயில் கொடுக்கக் கலக்கும் உணவுப் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. கொதித்து ஆறிய நீரில் ஒரு வேளைக்கு மட்டும் கலக்குங்கள். கலந்த உணவைப் பையில் ஊற்றித் தொங்கவிட்டால் 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பையில் மிச்சம் இருக்கும்போது அதன்மேல் புதிதாக ஊற்றவே கூடாது, பழையதில் வளர்ந்த கிருமி புதியதிலும் பெருகும். பையையும் இணைப்புக் குழாயையும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கலக்கும் மேசை கை கழுவும் தொட்டியை ஒட்டி இருக்கக் கூடாது. தண்ணீர் விழும் வேகத்தில் வடிகால் கிருமி சுற்றிலும் தெறிக்கும். மீந்த உணவை அந்தத் தொட்டியில் கொட்டுவதும் தவறு, வடிகாலில் படிந்த கிருமிக்கு அதுவே தீனி. கழிவு கொட்டுவதற்கென்றே தனியாக உள்ள தொட்டியில்தான் கொட்ட வேண்டும்.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 30 மி.லி. நீர் செலுத்தித் தொடங்குங்கள். முடிந்ததும் இன்னொரு 30 மி.லி. குழாயின் வாய்ப்பகுதியில், மூடி சேரும் விளிம்பில், வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். நீர் செலுத்தினால் மட்டும் அது போகாது, துடைத்தெடுக்க வேண்டும். சிரிஞ்சு ஒருவருக்கு ஒன்றுதான். உள்தண்டைக் கழற்றிக் கழுவி உலர்த்தாவிட்டால் ரப்பர் வளையத்துக்குள் ஈரம் தங்கிவிடும்.

வயிற்று அமிலம் கிருமியைத் தடுக்கும் காவல். அமிலம் குறைக்கும் மாத்திரை இன்னும் தேவைதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழாய் முனை சிறுகுடலில் இருந்தால் அந்தக் காவலே கிடையாது, நீர்கூடக் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும்.

பேதி வந்தால் உடனே உணவை நிறுத்தாதீர்கள். சிரப் மருந்துகளில் உள்ள சார்பிட்டாலும் காரணமாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் எடுத்தவருக்கு, பேதி உண்டாக்கும் குடல் கிருமியான க்ளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் இருக்கிறதா என்ற பரிசோதனை தேவைப்படலாம். அதன் வித்துக்கள் ஆல்கஹால் திரவத்தில் சாகாது, சோப்பும் நீரும்தான் வழி.

ஸ்வாபில் (பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துச் செய்யும் சோதனை) மருந்துக்கு மசியாத கிருமி தெரிந்தும் நோய்க்குறி இல்லையென்றால் அதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. பிசியோதெரபியையும் நிறுத்த வேண்டாம். கழிவு வெளியே கசியாமல் பார்த்து, கை கழுவி, தொட்ட கருவிகளைத் துடைத்தால் பயிற்சி தொடரலாம். விழுங்கும் திறனை அடிக்கடி சோதிக்கச் சொல்லுங்கள், அது திரும்பினால் குழாயை எடுத்துவிடலாம். குழாய் போன பிறகும் கிருமி மாதக்கணக்கில் குடலில் தங்கலாம் என்பதால் ஸ்வாப் முடிவை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.