முப்பது வருஷ மாஸ்டருக்கு மேலே உங்களை உட்கார வைக்கும்போது

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் இது அடிக்கடி நடக்கிறது. டிசைன் படித்துவிட்டு ஒரு பிள்ளை வேலைக்குச் சேரும். அது வரைந்த இரண்டு சீசன் மாடல்கள் ஆர்டர் கொடுக்கும் பையருக்குப் பிடித்துப்போகும். இருபத்தைந்து வயதில், மாதிரி ஷூ செய்யும் சாம்பிள் ரூம் முழுக்க அதன் பொறுப்பில் வந்துவிடும். முப்பது வருஷமாக ஷூவின் பாகங்களுக்குப் பேட்டர்ன் வெட்டும் மாஸ்டரும் அதில் அடக்கம். வீட்டில் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடுவார்கள். அந்தப் பிள்ளைக்கோ ராத்திரி தூக்கம் வராது. 'எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என்னைக்குக் கண்டுபிடிக்கப் போறாங்களோ' என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்தது.

இதைத்தான் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்த பெண்களிடம் இந்தப் பயத்தைப் பார்த்து முதலில் எழுதினார்கள். ஆண்களுக்கும் இது வரும் என்பது பின்னால் தெரிந்தது. சிண்ட்ரோம் என்று பெயர் இருந்தாலும் மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இது கிடையாது. அதனால் 'எனக்கு இந்த வியாதி இருக்கு' என்று ஒடுங்கிப்போக வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அந்தப் பயத்துக்குள் இரண்டு விஷயம் கலந்து கிடக்கும். 'ஏமாற்றித்தான் இந்த இடத்துக்கு வந்தேன்' என்பது ஒன்று, அது பொய். 'இந்த வேலையில் இன்ன இன்னது எனக்குத் தெரியாது' என்பது இன்னொன்று; அது பெரும்பாலும் உண்மை. சீக்கிரம் மேலே வந்தவருக்குத் தெரியாதது இருக்கத்தான் செய்யும். பொய்யை மறைப்பதாக நினைத்து அந்த உண்மையையும் சேர்த்து மறைக்கிறோமே, அங்கேதான் அடி விழுகிறது.

எனக்கு விழுந்தது கிரேடிங்கில். பெண்கள் ஷூவுக்கு நாங்கள் 37-ம் சைஸில் சாம்பிள் செய்வோம். அது ஓகே ஆனதும் அந்தப் பேட்டர்னை மற்ற சைஸ்களுக்குப் பெருக்கவும் குறைக்கவும் வேண்டும்; அதுதான் கிரேடிங். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கு நீளம் 6.67 மில்லிமீட்டர் கூடும், அகலமும் கூடும். ஆனால் அளவு மாறக் கூடாத பாகங்களும் உண்டு. பக்கிள் எல்லா சைஸுக்கும் ஒன்றுதான் என்பதால் அதற்குள் போகும் பட்டையின் அகலத்தை மாறாமல் நிறுத்திவைக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. கம்ப்யூட்டரில் மொத்தமாகப் பெருக்கிவிட்டு, மாஸ்டரிடம் காட்டாமலே கையெழுத்துப் போட்டேன். கேட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம். தோல் வெட்டும் அச்சுகளான கட்டிங் டை எல்லாம் வந்த பிறகு, எல்லா சைஸிலும் மாதிரி, அதாவது சைஸ் செட், தைத்துப் பார்த்தோம். 41-ல் பட்டை பக்கிளுக்குள் நுழையவில்லை. 35-ல் லொடலொடவென்று ஆடியது. அத்தனை டையும் வீண்.

மாஸ்டர் பாய் ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பக்கிள் வளராதேம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. மறுநாள் காலையிலேயே அவர் மேஜைக்கு நோட்டோடு போனேன். அதன் பிறகுதான் அந்த அறையில் எனக்கு மரியாதையே வந்தது.

இந்தப் பயம் சிலரை வேறு மாதிரி ஆட்டும். எல்லா ஸ்கெட்சையும் தானே போடுவார்கள், ராத்திரி பத்து மணி வரை உட்கார்வார்கள். உழைப்பைக் காட்டி இடத்தை நியாயப்படுத்தும் தவிப்பு அது. கீழே இருக்கும் ஜூனியருக்கு வேலையே வராது, அவர் கற்றுக்கொள்ளவும் மாட்டார். இன்னும் சிலர் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அப்பா வயது ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நம் ஊரில் அந்த ஒன்றுக்கே அறை மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும்.

பையர் சாம்பிளில் பேனாவால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினால் 'குட்டு உடைஞ்சிடுச்சு' என்று நினைப்பதும் தவறு. திருத்துவதற்காகத்தானே சாம்பிளே செய்கிறோம்! முதல் சாம்பிளே அப்படியே ஓகே ஆவது அபூர்வம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 'யாரோ சிபாரிசு' என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அந்தப் பேச்சை உங்கள் மனசாட்சியின் குரல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பிப்பதும் எனக்குப் பிடிக்காது. ஓகே ஆன ஒவ்வொரு மாடலுக்கும் தேதி, லாஸ்ட் (ஷூவுக்கு வடிவம் தரும் கால் அச்சு) நம்பர், எந்தத் தோல், ஏன் அந்தக் கோட்டை அங்கே போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் எது உங்கள் கை, எது சூழ்நிலை என்று தெளிவாகத் தெரியும். பதவி தரும்போதே கேட்க வேண்டியதும் உண்டு: எந்த முடிவு என்னுடையது, காஸ்டிங்கை, அதாவது செலவுக் கணக்கை, எனக்கு யார் சொல்லித்தருவார்கள், தப்பானால் யாரிடம் முதலில் சொல்வது? பதில் இல்லையென்றால் ஒரு சீசன் தள்ளி ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லலாம். நான் சொல்லியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வேலைக்குப் போகவே கை கால் நடுங்கினால், அது வேறு கதை. அதைத் தனியாகத் தாங்காதீர்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. கூச்சப்படாமல் போய்ப் பேசுங்கள்.