வேலூரிலிருந்து வெளிமாநிலத்துக்கு வீடு மாற்றும்போது

அட்டைப்பெட்டிக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். பெட்டிக்கு ஒரு எண்; நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ளே இருப்பவை, புது வீட்டில் எந்த அறை என்ற விவரம். எண்ணைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதுங்கள். மேலே எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது. புத்தகமும் எவர்சில்வர் பாத்திரமும் சின்னப் பெட்டியில், 15 கிலோவுக்குள். கத்திரி வெயிலில் டேப் பசை இளகும், அடிப்பக்கம் இரண்டு சுற்று ஒட்டுங்கள்.

பிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகியதும் துடைத்து, நிமிர்த்தியே ஏற்றுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினுக்குப் பின்புறம் டிரான்ஸிட் போல்ட் போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் டிரம் ஆடி சஸ்பென்ஷன் போய்விடும். வாங்கியபோது கழற்றிய போல்ட்டுகள் எங்கே என்று இப்போதே தேடுங்கள். கடைசி நாளில் கிடைக்கவே கிடைக்காது. கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துப் பழைய போர்வையில் சுற்றுங்கள்.

சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. ரெகுலேட்டரோடு ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் டிரான்ஸ்ஃபர் வவுச்சரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பைக்கைக் காட்பாடி ஜங்ஷனில் பார்சல் போடுவதானால் டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும். வெளிமாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். அதற்கான என்.ஓ.சி.க்கு (தடையில்லாச் சான்று), படிவம் 28-ஐ ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். வண்டிக் கடன் பாக்கி என்றால் வங்கியின் சம்மதமும் தேவை.

நகை, பத்திரம், டி.சி., மருந்து எல்லாம் கைப்பையில். இறக்கும்போது ஒருவர் வாசலில் நின்று நோட்டில் டிக் அடிக்கட்டும். எண்கள் சரியாக வந்த பிறகே லாரிக்காரர் சீட்டில் கையெழுத்து.