ஆட்டு நுரையீரல் சொல்லித் தரும் பாடம்: மூச்சு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நான் கறி வாங்கும் கடையில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வேறொன்று கேட்பேன். "பாய், நுரையீரல் ரெண்டும் ஒட்டினபடியே வேணும். குழலை வெட்டிடாதீங்க."

"பாடம் வந்துடுச்சா டீச்சர்?" என்பார். கத்தியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே பிரித்துக் கொடுப்பார்.

பிளஸ் ஒன் விலங்கியலில் சுவாசம் நடத்தும் வாரம் அது. தட்டில் வைத்ததும் பிள்ளைகள் முதலில் தொடுவது மூச்சுக்குழாயைத்தான். நகத்தால் வருடினால் வளையம் வளையமாகத் தட்டுப்படும். திருப்பிப் பின்பக்கம் தொட்டால் வளையம் முழுமையாக இல்லை, மெத்தென்று இருக்கும். மனிதருக்கும் இப்படி 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. வாய் திறந்த வளையல் போன்றவை. திறந்த பக்கத்தை ஒட்டி உணவுக்குழாய் இறங்குகிறது. நுரையீரலில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். எவ்வளவு மூச்சை வெளியே விட்டாலும் உள்ளே கொஞ்சம் காற்று தங்கிவிடும் என்பதற்கு அதுவே சாட்சி. வளர்ந்த ஒருவருக்கு அது சுமார் 1.2 லிட்டர்.

பிறகு குழாயில் ஒரு ரப்பர் டியூபைச் செருகிக் கைப்பம்பால் காற்றடிப்போம். சுருங்கிக் கிடந்த கருஞ்சிவப்புச் சதை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளஞ்சிவப்பாகி விரியும். பம்பை எடுத்ததும் தானாகச் சுருங்கும். இங்கேதான் நான் கேட்பேன்: "நமக்குள்ள பம்ப் எங்கே இருக்கு?" பெரும்பாலோர் நுரையீரலையே காட்டுவார்கள். விடைத்தாளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்: நுரையீரல் விரிகிறது, அதனால் காற்று உள்ளே போகிறது.

நுரையீரலுக்குத் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் கூட்டை உயர்த்துகின்றன, மார்புக்குள் இடம் பெருகி அழுத்தம் குறைகிறது. நுரையீரல் அதோடு சேர்ந்து இழுபட்டு விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர். நான் பம்பால் தள்ளியது வெண்டிலேட்டர் செய்யும் வேலை. உடம்பு செய்வது இழுக்கும் வேலை.

தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண்தான் போகும். வீட்டில் போவது அதிகம். மூச்சுத் திணறுகிறவரைச் சுற்றிக் கூட்டம் கூடி, "படுக்க வைங்க, படுக்க வைங்க" என்பதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்! மல்லாந்து படுத்தால் வயிற்றிலுள்ள உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளும். கீழே இறங்க வேண்டியது இறங்க முடியாமல் தவிக்கும். அவரை உட்கார வையுங்கள். சற்று முன்னால் சாய்ந்து, கையை முழங்காலிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்ளட்டும்.

அதே வீட்டில் நடக்கும் இன்னொரு தவறு, "நல்லா இழு, இழு" என்று அவசரப்படுத்துவது. ஆஸ்துமாவில் குழல்கள் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் அடைபடுகிறது. சிரமம் முக்கியமாக விடுவதில்தான். சூடான டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடச் சொல்லுங்கள்.

இன்ஹேலர் பற்றி இந்த ஊரில் நான் கேட்காத பயம் இல்லை. "பழகிடும், அப்புறம் விடவே முடியாது" என்று பிள்ளைக்கு மறைத்து வைக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றித்தான் நுரையீரலை அடைய வேண்டும். இன்ஹேலர் மருந்து மைக்ரோகிராம் அளவில் நேராகக் குழலுக்கே போகிறது. பயப்பட வேண்டியது அதைத் தப்பாக எடுப்பதற்குத்தான். அமுக்கும் வகையென்றால் நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை வெளியே விட்டு, வாயில் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அமுக்க வேண்டும். பிறகு பத்து எண்ணும் வரை மூச்சை நிறுத்த வேண்டும். என் வகுப்பு மாணவி ஒருத்தி அமுக்கிவிட்டு அதன் பிறகு இழுப்பாள். மருந்தெல்லாம் தொண்டையிலேயே படிந்துவிடும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் ஸ்பேசர் என்ற குடுவையைப் போட்ட பிறகுதான் அவளுக்கு அது நேரானது. பொடி வகை இன்ஹேலருக்கு இழுக்கும் விதம் தலைகீழ்: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும், அதற்குள் ஊதவே கூடாது. ஸ்டீராய்டு மருந்தென்றால் முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

மீண்டும் தட்டுக்கு வருகிறேன். ஆட்டுக்கு, குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே வலப்பக்கம் ஒரு தனிக்கிளை போகும். நமக்கு அது இல்லை. ஆனால் நமது வலக்கிளை இடக்கிளையைவிட அகலமானது, குட்டையானது, செங்குத்தாக இறங்குவது. புரையேறிய நிலக்கடலை பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். சின்னக் குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள். சிக்கிவிட்டால் தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம், இன்னும் ஆழமாகப் போய்விடும். குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமவோ அழவோ முடியவில்லையென்றால் முன்னால் குனிய வைத்து முதுகில் ஐந்து தட்டு, வெளியே வராவிட்டால் வயிற்றில் ஐந்து அழுத்தம், மாறி மாறி. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது, மார்பில்தான். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

கிளைகள் சுமார் 23 முறை பிரிந்து, 30 கோடிக்கு மேற்பட்ட நுண்ணறைகளில், அதாவது குட்டிக் காற்றுப்பைகளில், முடிகின்றன. விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி வீடு.

"ஆக்சிஜன் குறைஞ்சாத்தான் மூச்சு முட்டும்" என்பது பிள்ளைகள் எல்லோரும் நம்பும் இன்னொன்று. ஆரோக்கியமான உடம்பில் மூச்சை எடு என்று மூளையின் அடிப்பகுதியான முகுளத்தைத் தூண்டுவது பெரும்பாலும் ரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடுதான். வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்துப் பையன்கள் கிணற்றில் மூச்சடக்கும் போட்டிக்கு முன் வேக வேகமாக இருபது, முப்பது முறை மூச்சு வாங்குவதை நினைத்தால் எனக்கு இப்போதும் நடுக்கம். அப்படி வாங்குவதால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, ரத்தம் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்த மாதிரி. தண்ணீருக்கடியில் மூச்சு முட்டுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீச்சல் தெரிந்தவனும் இப்படித்தான் மூழ்குகிறான்.

ஏற்காடு போனால் "மேலே ஆக்சிஜன் சதவீதம் கம்மி" என்பார்கள். அங்கேயும் 21 சதவீதம்தான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, அவ்வளவே. நல்ல நுரையீரலுக்கு இது பெரிதாகத் தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வரும் குமட்டல் உள்காதின் வேலை.

மலையில் உண்மையாகப் பயப்பட வேண்டியது வேறு. மார்கழிக் குளிரில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்வது. கரி புகையாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு சீராகவே ஓடலாம், திணறல் வராமலே இருக்கலாம், தலைவலியும் தூக்கமும் வரும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் 98 என்று காட்டும், ஏனென்றால் சாதாரண ஆக்சிமீட்டருக்கு அந்த ரத்தத்தைப் பிரித்தறியத் தெரியாது. அந்த எண்ணை நம்பித் திரும்பப் படுக்காதீர்கள். உள்ளே இருக்கும் எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "அறைக்குள்ள கரி மூட்டியிருந்தோம்" என்று சொல்லுங்கள்.