சடையோடு கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கு

வத்தலக்குண்டில் வியர்த்து ஒழுகிக்கொண்டு டீ குடிப்போம். இரண்டு மணி நேரம் கழித்து பெருமாள்மலையில் மப்ளரைத் தேடுவோம். கீழே ஊறிய வியர்வை சடைக்குள் அப்படியே இருக்கும். மேலே குளிர், குளிருக்குத் தலையை இறுக மூடுவோம். மூன்றாம் நாள் அரிப்பெடுத்து விரல் தானாகத் தலைக்குப் போகும்.

நான் டொராண்டோவில் இருக்கிறேன். ட்ரெட்லாக்ஸ், அதாவது பின்னிய சடை இல்லை, முடியைக் கயிறு கயிறாகத் திரளவிட்ட சடை, வைத்து ஏழு வருடம் ஆகிறது. அம்மாவுக்குச் சொந்த ஊர் பழனி மலையில் பண்ணைக்காடு. இந்தத் தலையோடு நான்கு தடவை ஊருக்குப் போயிருக்கிறேன். முதல் தடவை பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சலூனுக்குப் போய் வேர்ப்பகுதியை இறுக்கி முறுக்கிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். நாம் எல்லோரும் செய்கிற தப்பு இது. சொந்தக்காரர்கள் முன்னால் தலை ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்ற ஆசை! முறுக்கிய வேர் நாலைந்து நாள் இழுத்துப் பிடித்து வலிக்கும், அரிக்கும், சிலருக்கு மயிர்க்கால்களில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். அதோடு விமானத்தின் வறண்ட காற்று, மலைக் குளிர் எல்லாம் சேர்ந்தால் எதனால் அரிக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மாதமும் முக்கியம். ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து வெளுத்து வாங்கும். கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை காலையில் நடுங்கினாலும் பகலில் நல்ல வெயில் கிடைக்கும். சடைத் தலைக்கு அதுதான் காலம். தீபாவளிக்கு ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்றால் போங்கள், ஆனால் தலைக்குக் குளிப்பதை வானம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் முதலில் போனது ஒரு நவம்பரில். ஏரிப் பக்கம் ஒரு விடுதி. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வெந்நீர் வந்தது. ஆசையாகத் தலைக்குக் குளித்துவிட்டு, குளிர் தாங்காமல் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன். மறுநாளும் மூட்டம், அதற்கு மறுநாள் மழை. ஐந்தாம் நாள் தலையிலிருந்து நனைந்த சாக்கு வாடை வந்தது. அரிப்பு தலைமேல் மட்டும் இல்லை, காதுக்குப் பின்னால், பிடரியில் என்று இறங்கியது. சீப்பு போகாத தலை அல்லவா, சொறியவும் வழியில்லை. ஊக்கு, பென்சில் என்று கையில் கிடைத்ததை விட்டுக் குத்தி ரத்தம் வந்தது மிச்சம்.

அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். மலையில் சடை வைத்திருப்பவர் எப்போது குளிப்பது என்று யோசிக்கக் கூடாது, எப்போது காயும் என்று கணக்குப் போட வேண்டும். விரல் கனத்துக்கு ஒரு சடை இருந்தால் வெளியே இரண்டு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தெரியும். நடுத்தண்டு ஈரமாகவே இருக்கும், குளிர் நாளில் ஒரு முழு நாள் கூட. அந்த ஈரத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது, வாடை வருகிறது.

ஆகவே குளியலை காலை ஒன்பது, பத்துக்குள் முடியுங்கள். கொடையில் மதியத்துக்கு மேல் எப்போது மூட்டம் இறங்கும் என்று சொல்ல முடியாது, அதற்குள் நான்கு மணி நேர வெயிலாவது கிடைக்க வேண்டும். பூத்துவாலை வேண்டாம், அதன் பஞ்சு சடைக்குள் ஏறிக்கொண்டால் ஜென்மத்துக்கும் வராது. நம் ஈரிழைத் துண்டுதான் இதற்கு ராஜா. ஒவ்வொரு சடையாகத் துண்டில் சுற்றி, வேரிலிருந்து நுனிக்கு, மாட்டில் பால் கறக்கிற மாதிரி இறக்கிப் பிழியுங்கள். இரண்டு துண்டு நனையும், மூன்றாவதில் ஈரம் குறையும். முறுக்கிப் பிழிந்தால் வேர் இழுக்கும். ஹேர் டிரையர் இருந்தால் மிதமான சூட்டில் வேருக்கு மட்டும் காட்டலாம்.

காய்ந்ததா என்று பார்க்க என் அம்மாச்சியின் வித்தை ஒன்று உண்டு. இரண்டாம் தடவை நான் போனபோது காப்பி அறுவடை நேரம், களத்தில் பழம் காய்ந்துகொண்டிருந்தது. கைப்பிடிப் பழத்தை எடுத்துக் காதோரம் குலுக்குவாள். உள்ளே கொட்டை ஆடுகிற சத்தம் கேட்டால் காய்ந்தது என்று அர்த்தம். நான் களத்து ஓரமாகத் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து ஒரு சடையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"நடுத்தண்டு காயலத்தா. சில்லுனு இருக்கு. திரும்பி ஒக்காரு."

விரலுக்குத் தெரியாத குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரிகிறது. ஈரம் இருக்கிற வரை ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதனால் தொட்டால் சில்லிடும். இன்று வரை டொராண்டோவிலும் அப்படித்தான் பார்க்கிறேன்.

அந்த அம்மாச்சிதான் என்னை முதலில் பார்த்ததும், "ஏத்தா, என்னத்தா இது, சடை விழுந்துருக்கு? எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்ட?" என்று கேட்டவள். நானாக வைத்துக்கொண்டது என்றதும் ஒரு நிமிடம் பேசவில்லை. "காசு குடுத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். "காசு குடுத்துச் சிக்கு வாங்குனவ நீ ஒருத்திதான்" என்று உள்ளே போய்விட்டாள். நம் ஊரில் சடை தானாக விழுந்தால் சாமி வந்திருக்கிறது என்பார்கள், வேண்டுதல் இல்லாமல் வெட்ட மாட்டார்கள். அதனால் சிலர் கும்பிடக்கூடச் செய்வார்கள். வட்டக்கானல் பக்கமோ இஸ்ரேல் பிள்ளைகள் சடையோடு திரிந்து பழகிய இடம், கடைக்காரர் உங்களிடம் இங்கிலீஷில் ஆரம்பிப்பார். "அண்ணே, ஒரு லெமன் டீ" என்றால் சரியாகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் சொந்தக்காரர்களிடமிருந்து தப்பிப்பதுதான் பெரிய பாடு. தலை அரிக்கிறது என்று வாய்தவறிச் சொன்னால் அத்தை தேங்காய் எண்ணெயோடு வந்து நிற்பார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், ஜனவரி விடியற்காலையில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்குப் போகும். வெந்நீரில் வைத்து உருக்கித் தடவுவார்கள், அது சடைக்குள் போனதும் மெழுகாக மறுபடி உறையும், தூசியையும் கம்பளி நூலையும் பிடித்துக்கொள்ளும். பொடுகால் அரிப்பு என்றால் இன்னும் மோசம். பொடுகோடு சேர்ந்து வருகிற மலசேசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. வெறும் வறட்சியால் அரித்தால் மட்டும் நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விரல்நுனியில் தொட்டு, வகிட்டுத் தோலில் வையுங்கள். அத்தை மனசும் நோகாது.

சீயக்காயும் அரப்பும் நல்லதுதான். ஆனால் பொடியாகத் தேய்த்தால் தொலைந்தீர்கள். சடைக்குள் போன பொடி, ஆறு மாதம் கழித்துக்கூட மண் மாதிரி உதிரும். முதல் நாள் இரவு ஊறவைத்து, கொதிக்கவிட்டு, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஷாம்பு போட்டாலும் இதே விதி: மக்கில் தண்ணீரோடு கலக்கி, வகிடு வகிடாக ஊற்றி, நகம் படாமல் விரல் சதையால் தோலை மட்டும் தேய்த்தால் போதும். வழிகிற நுரை சடையைக் கழுவிவிடும். வழுவழுப்பு போகிற வரை அலசுங்கள், அதற்கு மேலும் ஒரு வாளி. கீழே திண்டுக்கல், பழனிப் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் சோப்பு போட்டால் வெள்ளைக் கசடு படியும், அதுவே அரிக்கும். அங்கே தங்கினால் கடைசி வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

சாம்பிராணிப் புகை போடுவார்கள். வாசனை மூன்று வாரம் நிற்கும், எனக்குப் பிடிக்கும். ஆனால் நடுத்தண்டு அதில் காயாது.

கடைத்தெருவில் வரிசையாக விற்கிற யூகலிப்டஸ் தைலத்தைக் கால்வலிக்கு வாங்குங்கள், தலைக்கு அப்படியே ஊற்றாதீர்கள். பத்து நிமிடம் ஜில்லென்று அரிப்பு மறந்த மாதிரி இருக்கும், பிறகு தோல் எரியும். ஏற்கெனவே சொறிந்து வைத்த தலையென்றால் கேட்கவே வேண்டாம்.

எந்த அரிப்பு என்று பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், இன்னொருவர் கண்ணும் நல்ல வெளிச்சமும் போதும். வகிட்டை விரித்து போனில் படம் எடுத்துப் பாருங்கள். சின்னதாக, உலர்ந்த வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் பெரும்பாலும் வறட்சி, அல்லது அலசாத ஷாம்பு. மஞ்சள் கலந்த பிசுபிசுப்பான செதில், அடியில் சிவப்பு, புருவத்திலும் மூக்கோரத்திலும் அதே மாதிரி இருந்தால் பொடுகு முற்றியிருக்கிறது. வகிட்டுக் கோட்டில் மட்டும் சிவந்து, இரண்டு நாள் கழித்துத் தோல் தாள் தாளாக உரிந்தால் அது வெயில். இதைப் பலரும் பொடுகு என்று நினைத்து மருந்து போடுகிறார்கள். 1899இல் சூரியனை ஆராயக் கூடம் வைத்த ஊர் இது. குளிராக இருப்பதால் வெயில் உறைக்காது என்று நினைக்கிறோம், ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். காயவைக்கும்போது முதுகை வெயிலுக்குக் காட்டி, சடையை வெயிலில் விட்டு, உச்சந்தலையில் மெல்லிய துண்டு போட்டுக்கொள்ளுங்கள். நடக்கப் போனால் பருத்தித் துணி. கம்பளிக் குல்லாய்தான் வேண்டும் என்றால் உள்ளே சாட்டின் துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், எந்தத் தையல்கடையிலும் செய்து தருவார்கள்.

காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மட்டும் அரித்து, வேரை ஒட்டி எள்ளில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஏதாவது ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் வராமல் இருந்தால் அது ஈர், பேனின் முட்டை. வெட்கப்பட ஒன்றுமில்லை, சித்தப்பா பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்தால் வரும். பேன்சீப்பு நமக்குப் பயன்படாது. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் மருந்துக்கடையில் கிடைக்கும். தோலிலும் வேரிலும் நன்றாகப் படும்படி தடவி, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் மறுபடி ஒருமுறை. இரண்டாவதை விட்டால் பொரிக்காமல் கிடந்த ஈரெல்லாம் பேனாகும்.

பொடுகுக்கு கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு. வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம். தலையில் ஐந்து நிமிடம் ஊற வேண்டும், போட்டவுடன் அலசினால் காசு தண்டம். காலி சாஸ் பாட்டிலில் ஊற்றி அதன் மூக்கை வகிட்டில் வைத்துப் பீய்ச்சினால் மருந்து சடையில் வீணாகாமல் தோலுக்குப் போகும்.

மருந்துக்கடையில் ஒரு எச்சரிக்கை. "தலை அரிக்குது" என்று மட்டும் சொன்னால் ஒரு டியூபை எடுத்து நீட்டுவார்கள். எனக்கும் நீட்டினார்கள், நானும் போட்டேன். மூன்று நாள் சொர்க்கம், நிறுத்தியதும் முன்னைவிட இரண்டு பங்கு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாக! பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்ற பெயர்கள் இருந்தால் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள். படர்தாமரையாக இருந்தால் இந்த டியூப் அதை மறைத்து வளர்த்துவிடும். தலையில் வருகிற படர்தாமரை மேல்பூச்சில் போகாது, மாத்திரைதான். வட்டமாக முடி கொட்டியிருந்தாலோ, சீழ் வைத்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அதற்குமேல் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். கொடைக்கானலில் அரசு மருத்துவமனை இருக்கிறது, தோல் மருத்துவரைப் பார்க்க மதுரைக்கு இறங்குவது நல்லது.

அரிப்பு தாங்காமல் அல்லது அம்மாச்சி தாங்காமல், பழனியில் மொட்டை போட்டுவிடலாம் என்று தோன்றும். அடிவாரத்தில் நடந்தாலே "மொட்டையாம்மா?" என்று கேட்பார்கள். 2021இலிருந்து கோயிலில் இதற்குக் கட்டணம் கிடையாது. சடையை முதலில் கத்தரியால் வேர்வரை வெட்டி, நன்றாக நனைத்த பிறகுதான் கத்தி. உங்கள் கண் முன்னால் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். தலையில் புண்ணோ சீழோ இருந்தால் ஆறிய பிறகு போங்கள், முருகன் காத்திருப்பான். புண்ணாறாத தோலில் சந்தனமும் எரியும்.

வெட்டாமல் திரும்புகிறவர்கள், கடைசித் தலைக்குளியலை விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஈரச் சடையைக் கட்டிக்கொண்டு இருபது மணி நேரம் உட்கார்ந்து வந்தால் நவம்பர் கதைதான். அத்தை எப்படியும் பெட்டியில் ஒரு பாட்டில் செக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துவிடுவார். பண்ணைக்காட்டில் கல்லாக இருப்பது வத்தலக்குண்டு வந்ததும் உருகி ஓடும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பழைய லுங்கியில் சுற்றி வையுங்கள்.