ஞாயிற்றுப் போட்டி திங்கள் கணக்கில்

இணையப் போக்கர் போட்டியில் உத்தரவாதப் பரிசுக்கு ஆள் சேராவிட்டால், குறையும் காசை நடத்துபவர்தான் போடவேண்டும். அப்படித் துண்டு விழும் போட்டியைத்தான் தேடினேன். மூன்று கிழமை கொப்பியில் குறித்தும், விழும் என்று காத்திருந்த நாளில் ஒரு சதமும் விழவில்லை.

முதலில் கணக்கைச் சந்தேகப்பட்டேன். 11 டொலர் நுழைவில் 10 பரிசுக்கு, 1 கட்டணம். 5,000 டொலர் உத்தரவாதத்துக்கு 500 நுழைவு வேண்டும். 480 வந்தால் துண்டு 200. ஆளுக்கு 42 சதம், கட்டணத்துக்கே காணாது. 5,000ஐ 11ஆல் பிரித்தால் வரும் 454 வரைதான் லாபம். மறுநுழைவையும், அதாவது தோற்றவர் மறுபடி காசு கட்டி நுழைவதையும், எண்ணித்தான் இருந்தேன். கணக்கு சரி.

போட்டி தொடங்கிய பின்னும் திறந்திருக்கும் பிந்திய பதிவு மூடும் நிமிடத்தில் நுழைந்தும் பார்த்தேன். 10,000 சில்லு, பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாகப் போடும் சிறிய, பெரிய பந்தயம்) 500/1,000. பத்துப் பெரிய பிளைண்டை வைத்து என்ன ஆடுவது?

பிழை திகதியில் இருந்தது. தளம் காட்டும் கிரீன்விச் நேரம் 20:00 என்றால் திருகோணமலையில் இரவு 1:30, மறுநாள் ஆகிவிடும். கூட்டம் நிறைந்த ஞாயிற்றுப் போட்டியைத் திங்களில் எழுதி, மாலைப் போட்டிகளை மட்டும் சரியான நாளில் எழுதியிருக்கிறேன்.

கொப்பி முழுவதையும் கிரீன்விச் திகதிக்கு மாற்றி, பதிவு மூடும்போது உள்ள எண்ணிக்கையை மட்டும் வைத்தேன். 454க்குக் கீழே போகும் நாட்கள் உடனே தெரிந்தன. இப்போது அந்த நாட்களில் தொடக்கத்திலேயே நுழைகிறேன், முழுச் சில்லோடு.

ஐரோப்பிய நேரம் காட்டும் தளமென்றால், மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில் எங்கள் மணி ஒன்று தள்ளும்.